யாரும் உத்தரவு போடாத பிரச்சாரம்: ஜப்பானியப் போர் மரஅச்சுப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய மரஅச்சு என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது ஹொகுசாயின் பெரிய அலைதான். அப்புறம் மழை, பாலம், ஃபூஜி மலை, கிமோனோ உடுத்திய பெண்கள். அதே கட்டையில், அதே உளியில், அதே காகிதத்தில் பீரங்கியும் பிணமும் வெட்டுப்பட்ட தலையும் அச்சான ஒரு காலம் இருந்தது என்று சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள். இந்தப் படங்களை நான் சில வருடங்களாகத் தேடிப் பார்த்து வருகிறேன். பார்க்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

எந்தப் போரைப் பற்றிப் பேசுகிறோம்?

முக்கியமாக 1894-95இல் நடந்த சீன-ஜப்பான் போர். கொரியாவில் யார் கை ஓங்குவது என்பதில் தொடங்கிய சண்டை. ஜூலை கடைசியில் சண்டை மூண்டது, ஆகஸ்ட் 1 அன்று முறைப்படி போர் அறிவிப்பு, 1895 ஏப்ரல் 17 அன்று ஷிமோனோசெகி ஒப்பந்தம். எல்லோரும் சீனாதான் ஜெயிக்கும் என்று நினைத்திருக்க, ஜப்பான் ஜெயித்தது. தைவான் கிடைத்தது, 20 கோடி தேயல் (சீன வெள்ளி எடை அளவு) வெள்ளி நஷ்டஈடும் கிடைத்தது. பத்து வருடம் கழித்து 1904-05இல் ரஷ்யாவோடு இன்னொரு போர், அதற்கும் படங்கள் வந்தன. ஆனால் மரஅச்சுப் போர்ப்படத்தின் உச்சம் முதல் போர்தான், அதனால் இங்கே பெரும்பாலும் அதைப் பற்றித்தான் பேச்சு.

இந்த வகைப் படங்களுக்கு ஜப்பானிய மொழியில் 'சென்சோ-எ' என்று பெயர், போர்ப்படம் என்றுதான் அர்த்தம்.

அரசாங்கம் காசு கொடுத்துச் செய்யச் சொன்னதா?

இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த, ரொம்பத் தொந்தரவு செய்கிற பகுதி இதுதான். பிரச்சாரம் என்றால் ஏதோ ஒரு அமைச்சகம், ஒரு அதிகாரி, ஒரு சுற்றறிக்கை என்று நம் மனசில் ஒரு படம் இருக்கிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை. தோக்கியோவில் படக்கடை வைத்திருந்த பதிப்பாளர்கள், மட்சுகி ஹெய்கிச்சி, அகியாமா புயெமோன் மாதிரியான ஆட்கள், தங்கள் கைக்காசைப் போட்டு ஓவியருக்கும் செதுக்குபவருக்கும் அச்சடிப்பவருக்கும் கூலி கொடுத்து, கடை வாசலில் தொங்கவிட்டு விற்றார்கள். போகாத படம் நஷ்டம், போகிற படம் லாபம். வெற்றி போனது, தோல்வி போகாது, அவ்வளவுதான் கணக்கு.

தணிக்கை இருந்தது, இல்லாமல் இல்லை. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் தேதியும் ஓவியர், பதிப்பாளர் பெயரும் முகவரியும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். ராணுவ ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்ற கண்காணிப்பும் உண்டு. ஆனால் 'இதை வரையாதே' என்று சொல்லுகிற கை ஒன்று, 'இதை வரை' என்று சொல்லுகிற கை இன்னொன்று. இரண்டாவது கை வாங்குகிறவருடையது. கடை வாசலில் நின்ற கூட்டத்துக்கு எது வேண்டும் என்பது பதிப்பாளருக்குத் தெரியும், அரசாங்கத்துக்கும் அதேதான் வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றாகிவிட்ட இடத்தில் உத்தரவுக்கு என்ன வேலை?

நாவலாசிரியர் தனிசாகி ஜுனிசிரோ அப்போது தோக்கியோவில் எட்டு வயதுப் பையன். படக்கடை முன்னால் நின்று, தினம் புதிதாகத் தொங்கும் மூன்று தாள் போர்ப்படங்களை (மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே காட்சி) ஏக்கத்தோடு பார்த்ததைப் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு பையனின் கண்ணுக்கு அது மிட்டாய்க்கடை.

எத்தனை படங்கள் வந்தன?

சுமார் 3,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இது அச்சான தாள்களின் எண்ணிக்கை இல்லை, தனித்தனிப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பிரதி என்பது வேறு. போர் ஓடியது ஒன்பது, பத்து மாதம். வகுத்துப் பாருங்கள், நாளுக்குப் பத்துப் புதுப் படம் வருகிறது.

மரத்தில் செதுக்கி இவ்வளவு வேகமாக எப்படி முடிந்தது?

ஒரு ஆள் செய்கிற வேலையாக இருந்தால் முடியாது. இது ஒரு பட்டறை. ஓவியர் மெல்லிய தாளில் மையால் கோடு வரைந்து கொடுப்பார், அவர் வேலை கிட்டத்தட்ட அத்தோடு சரி. அந்தத் தாளைச் செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டி, கோடு மட்டும் மேடாக நிற்கும்படி சுற்றிலும் செதுக்கி எடுப்பார் செதுக்குபவர். மூலப்படம் அதிலேயே அழிந்து போகும். அந்தக் கட்டையில் எடுத்த பிரதிகளில், எந்த இடத்துக்கு என்ன நிறம் என்று குறித்து, நிறத்துக்கு ஒரு கட்டையாக மறுபடி செதுக்குவார்கள். அப்புறம் அச்சடிப்பவர் தூரிகையால் சாயத்தைப் பூசி, ஈரப்பதம் ஏற்றிய தாளை வைத்து, 'பாரென்' என்கிற வட்டமான, மூங்கில் பட்டை போர்த்திய தேய்ப்பானால் முதுகில் தேய்ப்பார். எந்த இயந்திரமும் கிடையாது. கட்டையின் மூலையில் செதுக்கிய 'கெந்தோ' என்ற சின்ன அடையாளத்தில் தாளின் ஓரத்தைச் சரியாக முட்ட வைத்தால்தான் பத்து நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காரும்.

இதற்கு இருநூறு வருடப் பழக்கம் இருந்தது. யார் எதைச் செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மூன்று தாள் என்றால் மூன்று செதுக்குபவர்களிடம் பிரித்துக் கொடுக்கலாம். தந்தி வந்து, பத்திரிகையில் செய்தி வந்து, சில நாளில் படம் கடையில். சில படங்களில் அவசரம் தெரியும், ஒரு தாளின் குதிரைக்கால் பக்கத்துத் தாளில் சரியாகச் சேராது. அதைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

வரைந்தவர்கள் போர்க்களத்துக்குப் போனார்களா?

பெரும்பாலானவர்கள் தோக்கியோவை விட்டு நகரவில்லை. பத்திரிகைச் செய்தி, வதந்தி, பழைய சாமுராய்ப் படங்களின் பாவனைகள், மேல்நாட்டுச் சித்திரப் பத்திரிகைகள், இவைதான் கச்சாப் பொருள். தாங்கள் பார்த்தேயிராத ஊரின் மலையையும் பார்த்தேயிராத கப்பலையும் வரைந்தார்கள்.

நேரில் போனவர்களும் உண்டு. 66 பத்திரிகைகள் சேர்ந்து 114 நிருபர்களையும் 11 ஓவியர்களையும் 4 புகைப்படக்காரர்களையும் அனுப்பின என்பது பதிவு. அந்த ஓவியர்களில் குபோதா பெய்சென் தன் மகன்களோடு போனவர், கொகுமின் பத்திரிகைக்காக. இதில் வேடிக்கை என்னவென்றால், போருக்குப் போகாத மிசுனோ தோஷிகதா, கொரியாவில் சொங்ஹ்வான் சண்டையை வரைந்தபோது, படத்தின் ஒரு பக்கத்தில் நிருபர்களையும் ஓவியர்களையும் ஒரு கூட்டமாக நிற்க வைத்திருக்கிறார். 'பார்த்தவர்கள் இருக்கிறார்கள், நம்புங்கள்' என்று சாட்சி வைத்த மாதிரி. வரைந்தவர் பார்க்கவில்லை.

அப்போது கோபே நகரில் இருந்த எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன், ஒவ்வொரு வெற்றிச் செய்தியும் வந்தவுடன் மலிவான வண்ணப்படங்கள் மலைமலையாக வந்து குவிந்ததையும், அவை பெரும்பாலும் ஓவியனின் கற்பனைதான் என்பதையும் அப்போதே எழுதி வைத்திருக்கிறார். ஆக, கற்பனை என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது. தெரிந்தும் வாங்கினார்கள்.

முக்கியமான ஓவியர்கள் யார்?

மிசுனோ தோஷிகதா, ஒகாதா கெக்கோ, மிகிதா தோஷிஹிதே, தகுச்சி பெய்சாகு என்று ஒரு வரிசை உண்டு. ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறையச் சொல்கிறேன்: கோபயாஷி கியோசிகா.

1847இல் பிறந்தவர். ஷோகுன் என்ற ராணுவத் தலைவர்கள் நடத்திய ஆட்சியின் சிறு ஊழியக் குடும்பம். 1868இல் அந்த ஆட்சி கவிழ்ந்தபோது தோற்ற பக்கத்தில் இருந்து, ஷிசுவோகாவுக்குப் போய் வறுமையில் காலம் தள்ளி, 1874இல் தோக்கியோவுக்குத் திரும்பியவர். 1876லிருந்து ஐந்து வருடம் அவர் போட்ட தோக்கியோ காட்சிகளைப் பார்த்தால் ஆள் எப்பேர்ப்பட்டவர் என்று தெரியும். எரிவாயு விளக்கு, நனைந்த தெரு, தூரத்தில் ரயில், இருட்டில் மின்மினிகள். பளிச்சென்ற நிறங்களை விட்டுவிட்டு, மங்கும் வெளிச்சத்தை மரத்தில் கொண்டுவந்தார். அப்புறம் அந்தப் பாணி நின்று போனது, மரஅச்சுத் தொழிலே சரிந்துகொண்டிருந்தது, கேலிச்சித்திரம் போட்டு வயிற்றைக் கழுவினார்.

போர் வந்தது. எழுபதுக்கும் மேல் மூன்று தாள் படங்கள் அவரிடமிருந்து மட்டும் வந்தன. அந்தப் பழைய வெளிச்சம் முழுக்க அதில் திரும்பி வந்துவிட்டது. பனிவெளியில் கணப்பு நெருப்பைச் சுற்றிச் சிப்பாய்கள், மழையில் கறுத்த நிழலாக நகரும் படை, கடல்மேல் தேடுவிளக்கு, குண்டு வெடிக்கிற ஒளியில் ஒரு கணம் தெரியும் முகம். ஒரு ஓவியனுக்கு அவன் கலை திரும்பக் கிடைத்தது ஒரு போரால் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அதே மனிதர்தான், அதே மாதங்களில், ஒரு கேலிப்பட வரிசையும் போட்டார். அதன் பெயர் ஒரு சிலேடை: 'ஹ்யாகுசென் ஹ்யாகுஷோ' என்று சொன்னால் 'நூறு போர், நூறு வெற்றி' என்றும் கேட்கும். அவர் எழுதிய எழுத்துகளின்படி பார்த்தால் 'பொறுக்கியெடுத்த நூறு, நூறு சிரிப்பு'. உள்ளே பயந்து ஓடும், அழும், குடல் கலங்கும் சீனர்கள். அந்தச் சிரிப்பு இன்று வாசிக்கும்போது கசக்கிறது.

படங்களில் சீனர்கள் ஏன் எல்லோரும் ஒரே மாதிரி, கோரமாக இருக்கிறார்கள்?

வேண்டுமென்றே. ஜப்பானியச் சிப்பாயைப் பாருங்கள்: கறுப்புச் சீருடை, நிமிர்ந்த முதுகு, மீசை, கிட்டத்தட்ட ஐரோப்பிய முகவெட்டு. சீனச் சிப்பாய்: சிவப்பு, மஞ்சள், ஊதா என்று அடிக்கிற நிறத்தில் உடை, நீளப் பின்னல், பிளந்த வாய், தலைகீழாக விழும் உடம்பு. ஒருவன் கோடு, இன்னொருவன் குழப்பம். போருக்கு முப்பது வருடம் முன்பு எடுத்த ஜப்பானியப் புகைப்படங்களைப் பார்த்தால் அங்கேயும் குடுமி, அங்கேயும் தொளதொள உடை. 'நாங்கள் இனி அந்தக் கூட்டம் இல்லை' என்று காட்டிக்கொள்ளும் அவசரம் அது. ஆசியாவை விட்டு வெளியேறி மேல்நாடுகளின் வரிசையில் சேர வேண்டும் என்ற பேச்சு 1885லேயே சிந்தனையாளர் ஃபுகுசாவா யுகிச்சியின் பத்திரிகையில் தலையங்கமாக வந்துவிட்டது. பத்து வருடம் கழித்து அது முகவெட்டாகவும் மீசையாகவும் கடையில் தொங்கியது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நூற்றாண்டுகளாக ஜப்பானியர்கள் எழுத்தையும் கவிதையையும் ஓவியத்தையும் கற்றது சீனாவிடம்தான். இந்தப் போர்ப்படத்தின் ஓரத்தில் வெற்றியைப் பாடும் வாசகங்கள்கூடச் சீன எழுத்தில்தான் இருக்கின்றன.

தலைவெட்டுப் படம் ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. உதாகவா கொகுனிமாசாவின் பெயரில் 1894 அக்டோபரில் வந்த மூன்று தாள் படம். கைதான சீனச் சிப்பாய்கள் அத்துமீறினார்கள் என்று சொல்லி அவர்களைத் தலைவெட்டும் காட்சி, பக்கத்தில் நியாயம் சொல்லும் நீளமான உரை. அதைப் பற்றி இதற்கு மேல் விவரிக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இதை யாரும் ஒளித்து விற்கவில்லை, ஓரத்தில் பதிப்பாளர் முகவரி ஒழுங்காக அச்சாகியிருக்கும்.

எதிரியைக் கொஞ்சமாவது மரியாதையாகக் காட்டிய படமே இல்லையா?

உண்டு, அபூர்வமாக. சீன வடகடல் கடற்படைத் தளபதி டிங் ருசாங், வெய்ஹைவெய் துறைமுகம் விழும் நிலையில் 1895 பிப்ரவரியில் தற்கொலை செய்துகொண்டார். ஜப்பானியத் தளபதி இதோ சுகெயுகி, டிங்கின் உடலை மரியாதையோடு கொண்டுபோக ஒரு கப்பலை விட்டுக்கொடுத்தார். தோஷிகதா வரைந்த டிங்கின் கடைசி நேரத்தில் கேலி இல்லை, கோரம் இல்லை. தோற்றுத் தானே உயிரை விடுகிறவன் சாமுராய்க் கதைக்குள் அழகாகப் பொருந்திவிடுகிறான் என்பதும் ஒரு காரணம். சரணடைந்து உயிரோடு இருந்திருந்தால் இந்த மரியாதை கிடைத்திருக்குமா என்பது என் சந்தேகம்.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு படம், சண்டைக்கு நடுவில் கைவிடப்பட்ட சீனக் குழந்தையைக் கையில் ஏந்தியபடி படையை நடத்தும் ஹிகுச்சி என்ற அதிகாரி. பல ஓவியர்கள் போட்ட காட்சி. வீரனும் அவனே, கருணையும் அவனே.

ஊதுகொம்பு வீரன் கதை உண்மையா?

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வியாபாரம் எப்படி வேலை செய்தது என்று இதில் அப்படியே தெரியும்.

1894 ஜூலை 29, சொங்ஹ்வான் சண்டை. ஒரு ஊதுகொம்புக்காரன் குண்டடி பட்டும் விடாமல் ஊதி, ஊதியபடியே செத்தான் என்று செய்தி வந்தது. பெயர் ஷிரகாமி கென்ஜிரோ என்றார்கள். உடனே படம், கவிதை, பாட்டு. ஷிரகாமியின் பெயர் தாங்கிய படங்கள் கடைகளில் பறந்தன. பிற்பாடு விசாரித்தால் ஊதியது அவர் இல்லை, அவரைப் போலவே ஒகாயமா பக்கத்துக்காரர், அதே நாளில் இறந்தவர், கிகுச்சி கோஹெய் என்று அறிவித்தார்கள். சரி, அச்சான படத்தைத் திரும்ப வாங்க முடியுமா? ஷிரகாமி படங்கள் அப்படியே இருந்தன. கிகுச்சி பள்ளிப் பாடப்புத்தகத்துக்குள் போனார். 'செத்த பிறகும் ஊதுகொம்பை வாயிலிருந்து எடுக்கவில்லை' என்ற அந்த ஒரு வரியை இரண்டாம் உலகப் போர் முடியும் வரை ஜப்பானியக் குழந்தைகள் பாடமாகப் படித்தார்கள்.

பெயர் மாறியது, வரி மாறவில்லை. ஆள் யார் என்பது முக்கியமாக இருந்திருந்தால் கதையே ஆடிப் போயிருக்கும்.

ஹராதா ஜூகிச்சி கதை இதைவிட விசித்திரம். 1894 செப்டம்பர் 15, பியோங்யாங் கோட்டையின் கென்பு வாசல். மதிலேறிக் குதித்து உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டவர்களில் ஒருவர் என்று படங்கள் அவரைக் கொண்டாடின, பதக்கமும் கிடைத்தது. உயிரோடு ஊர் திரும்பியவர் பிறகு நாடக மேடையில் ஹராதா ஜூகிச்சியாகவே நடித்தார். அச்சுப்படத்தில் தான் எப்படி நின்றாரோ அப்படி நின்று காட்ட வேண்டிய வேலை.

சாகும் மாலுமி கதையும் உண்டு. செப்டம்பர் 17 மஞ்சள் கடல் சண்டையில், ஜப்பானின் மட்சுஷிமா கப்பலில் உயிர் போகும் நேரத்தில் ஒருவன் 'திங்யுவான் இன்னும் மூழ்கவில்லையா?' என்று கேட்டானாம். திங்யுவான் சீனாவின் ஜெர்மன் கட்டிய இரும்புக் கப்பல், ஜப்பானியர்களைப் பல வருடம் தூங்கவிடாத கப்பல். இனி அதனால் சண்டை போட முடியாது என்று அதிகாரி சொல்ல, அவன் நிம்மதியாகக் கண்ணை மூடினான் என்று முடியும். உண்மையில் திங்யுவான் அன்று மூழ்கவில்லை, தப்பித்து வெய்ஹைவெய் வரை போய்ச் சேர்ந்தது.

படங்கள் எதைக் காட்டவில்லை?

என்னைக் கேட்டால் இதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

லூஷுன், அதாவது போர்ட் ஆர்தர். 1894 நவம்பர் 21 அன்று ஜப்பானியப் படை அந்த ஊரைப் பிடித்தது. அடுத்த சில நாட்கள் ஊருக்குள் நடந்தது படுகொலை. நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையின் ஜேம்ஸ் கிரீல்மன் எழுதிய செய்தி டிசம்பரில் உலகம் முழுக்கப் போனது. மரஅச்சுப் படங்களில் லூஷுன் என்றால் கோட்டைமேல் ஏறும் வீரர்கள், கொடி, வெற்றி. தெரு இல்லை. கமேய் கொரேயாகி என்ற பிரபு கேமராவோடு அங்கே போய் எடுத்த புகைப்படங்களில் பிணங்கள் இருக்கின்றன. நேரில் போன ஓவியர் அசாய் சூ 1895இல் எண்ணெய்ச் சாயத்தில் வரைந்த படத்தில், சண்டை முடிந்த ஊரில் சிப்பாய்கள் ஆட்களைத் தேடிப் பிடிக்கும் காட்சி இருக்கிறது. பார்த்தவர்கள் கையில் வேறு படம் வந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அடுத்தது நோய். ஜப்பான் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 13,000 பேர். இதில் சண்டையில் செத்தவர்கள் சிறு பகுதிதான், மிச்சப் பேரைக் கொன்றது காலராவும் வயிற்றுக்கடுப்பும் பெரிபெரியும். பெரிபெரி மட்டும் சுமார் 4,000 பேர். தவிடு நீக்கிய வெள்ளைச் சோற்றை மட்டுமே தின்றதால் வரும் நோய் அது. கடற்படை சாப்பாட்டை மாற்றித் தப்பித்துவிட்டது, தரைப்படை மருத்துவத் தலைமை பிடிவாதமாக வெள்ளைச் சோறே போட்டது. கால் வீங்கிச் சாகிற சிப்பாயை மூன்று தாளில் வரைந்து வாசலில் தொங்கவிட்டால் யார் வாங்குவார்?

மூன்றாவது கொரியர்கள். போரே அவர்கள் மண்ணில்தான் தொடங்கியது, அவர்களைப் பெயரளவில் 'காப்பாற்றுவதற்காக'த்தான். படங்களில் அவர்கள் வெள்ளை உடுப்பில் ஓரமாக நிற்பார்கள், பல படங்களில் அதுவும் கிடையாது. அதே காலத்தில் ஜப்பானியப் படை கொரிய அரசுப் படையோடு சேர்ந்து நசுக்கிய தொங்ஹாக் விவசாயக் கிளர்ச்சிக்கு இந்தக் கடைகளில் இடமே இருந்ததாகத் தெரியவில்லை.

சீனாவிலும் இப்படிப் படங்கள் வந்தனவா?

வந்தன, அங்கே சீனாதான் ஜெயித்தது! ஜப்பானியக் கப்பல்கள் மூழ்கின, ஜப்பானியச் சிப்பாய்கள் மண்டியிட்டார்கள். மலிவான அச்சு, தெருவில் விற்பனை. தோற்றுக்கொண்டிருந்த நாட்டிலும் வெற்றிதான் விற்றது.

புகைப்படம்தான் இருந்ததே, பிறகு ஏன் மரஅச்சு?

கேமரா இருந்தது, ஆனால் புகைப்படத்தைப் பத்திரிகைத் தாளில் அன்றாடம் அச்சடிக்கும் வசதி 1894இல் ஜப்பானில் பரவவில்லை. அப்புறம் அன்றைய கேமராவால் ஓடும் குதிரையையும் வெடிக்கும் குண்டையும் பிடிக்க முடியாது. சண்டைக்கு முன்னால் நிற்கும் படை, சண்டைக்குப் பின்னால் கிடக்கும் உடல், இரண்டுக்கும் நடுவில் நடந்தது கிடைக்காது. அந்த நடுக்கணத்தை மரஅச்சு கொடுத்தது, அதுவும் நிறத்தோடு.

பத்து வருடத்தில் எல்லாம் மாறியது. ரஷ்யப் போர் சமயத்தில் பத்திரிகையில் புகைப்படம் வரத் தொடங்கிவிட்டது, கல்லச்சு மலிந்துவிட்டது. 1900இல் தனியார் அஞ்சலட்டை அச்சடிக்க அனுமதி கிடைத்ததும் படம் போட்ட அட்டைகள் பைத்தியம் மாதிரிப் பரவின. 1904-05இல் மரஅச்சுப் போர்ப்படங்கள் வந்தாலும் எண்ணிக்கை மிகக் குறைவு.

ரஷ்யர்களையும் சீனர்களைப் போலவே வரைந்தார்களா?

இல்லை, இதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும். ரஷ்ய அதிகாரி உயரமாக, தாடியோடு, பல சமயம் வீரமாகவே சாகிறார். காயம்பட்ட ரஷ்யனுக்கு ஜப்பானியச் செஞ்சிலுவைக்காரர்கள் கட்டுப் போடுகிறார்கள். 1904 ஏப்ரலில் கண்ணிவெடியில் கப்பலோடு போன தளபதி மகாரோவுக்கு இரங்கல் தொனியில் படங்கள் உண்டு. வெள்ளைக்காரனைத் தோற்கடிப்பதில் பெருமை வேண்டுமென்றால் அவன் பெரிய ஆளாக இருக்க வேண்டும், அதோடு ஐரோப்பா பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பும் இருந்தது. கேலி முழுக்க நின்றுவிடவில்லை. கியோசிகா தன் பழைய 'நூறு சிரிப்பு' வரிசையை ரஷ்யர்களுக்காகத் தூசு தட்டி எடுத்தார். தோற்று நொண்டி வரும் தன் படையைக் கனவில் கண்டு படுக்கையில் அலறும் ஜார் நிக்கோலஸ் அவர் போட்டதுதான்.

இந்தப் போர் முடிந்தபோது நஷ்டஈடு ஒரு காசு கிடைக்கவில்லை. 1905 செப்டம்பர் 5 அன்று தோக்கியோவின் ஹிபியா பூங்காவில் கூடிய கூட்டம் கலவரமாகி, காவல் சாவடிகளைக் கொளுத்தியது. பதினெட்டு மாதமாக வெற்றியை மட்டும் பார்த்து வந்த ஜனம் அது.

சீனப் போருக்கு முன்னால் இந்த மாதிரிப் படங்கள் உண்டா?

ஷோகுன்கள் ஆண்ட காலத்தில் ('எதோ காலம்' என்று அதற்குப் பெயர்) நடப்பு விஷயத்தை, அதுவும் ஆளுகிறவர்கள் சம்பந்தப்பட்டதை, வரையத் தடை. 1804இல் ஓவியர் உதாமரோ, பழைய ஆட்சியாளர் ஹிதேயோஷியை வரைந்த குற்றத்துக்காக ஐம்பது நாள் கைவிலங்கோடு இருந்தார், இத்தனைக்கும் ஹிதேயோஷி செத்து இருநூறு வருடம் ஆகியிருந்தது. 1868 உள்நாட்டுப் போரைக்கூடச் சிறுவர்கள் சண்டை விளையாடுகிற மாதிரி மாற்றி வரைந்தார்கள், எந்தப் பையன் எந்தப் பிரபு என்று உடையின் வடிவத்தை வைத்து வாங்குகிறவர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

1877இல் சய்கோ தகமோரியின் சட்சுமா கலகம் வந்தபோது கட்டு தளர்ந்திருந்தது. அப்போது அரசாங்கத்துக்கு எதிராக நின்ற சய்கோதான் படக்கடைகளின் கதாநாயகன். அந்த வருடம் செவ்வாய்க் கோள் பூமிக்கு நெருங்கி வந்து சிவப்பாக மின்ன, அதற்குள் சய்கோ தெரிகிறார் என்று பேச்சு கிளம்பி, அதற்கும் படம் போட்டு விற்றார்கள். கலகக்காரனும் விற்பான், தளபதியும் விற்பான், கடைக்காரனுக்கு இரண்டும் ஒன்று.

இரண்டாம் உலகப் போரில்?

அங்கே உண்மையிலேயே ராணுவம் உத்தரவு போட்டது. ஆனால் கருவி மரஅச்சு இல்லை, பெரிய பெரிய எண்ணெய் ஓவியங்கள், சுவரொட்டிகள், 'கமிஷிபாய்' எனப்படும் தெருமுனைப் படக்கதை அட்டைகள். ஃபுஜிதா சுகுஹாரு போன்ற பேர்பெற்றவர்கள் வரைந்தார்கள். அமெரிக்கா எடுத்துப்போன 153 போர் ஓவியங்கள் 1970இல் 'காலவரையற்ற இரவல்' என்ற பெயரில் தோக்கியோ தேசிய நவீனக் கலைக்கூடத்துக்குத் திரும்பின.

இதையெல்லாம் கலை என்று ரசிக்கலாமா?

நான் ரசிக்கிறேன், ரசித்துவிட்டுச் சங்கடப்படுகிறேன். கியோசிகாவின் பனியைப் பார்த்து 'அடடா' என்று சொன்ன வாய், கண் கொஞ்சம் கீழே இறங்கியதும் மூடிக்கொள்கிறது. இதைப் படத்தின் குறை என்று சொல்ல மாட்டேன், அதன் வேலையே அதுதான். அழகாக இல்லாவிட்டால் யாரும் காசு கொடுத்து வீட்டுக்கு எடுத்துப் போயிருக்க மாட்டார்கள். வீட்டுச் சுவரில் மாட்டலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். பனியில் நிற்கும் வேவுக்காரன் படம் என்றால் யோசிக்கலாம், பின்னலைப் பிடித்து இழுக்கும் படம் என்றால் வேண்டாம் என்றேன்.

ஒரு படம் கிடைத்தால் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று தாளும் இருக்கிறதா என்று முதலில். ஒரு தாள் சுமார் 37 சென்டிமீட்டர் உயரம், 25 அகலம், மூன்றும் சேர்ந்தால் முக்கால் மீட்டர். ஒற்றைத் தாளாகக் கிடைப்பது பெரும்பாலும் பிரிந்து போன துண்டு. அடுத்து ஓரத்தைப் பாருங்கள், பலர் சட்டம் போடுவதற்காக ஓரத்தை வெட்டிவிடுவார்கள், தேதியும் பதிப்பாளர் பெயரும் அதோடு போய்விடும். தேதி ஜப்பானியப் பேரரசரின் ஆட்சி ஆண்டில் இருக்கும்: மெய்ஜி 27 என்றிருந்தால் 1894, 28 என்றால் 1895. தேதியைச் சண்டை நடந்த நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு அவசரத்தில் செய்தது என்று தெரியும். சிவப்பும் ஊதாவும் கண்ணைக் குத்தினால் பயப்பட வேண்டாம், அது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான அனிலின் என்ற செயற்கைச் சாயம், அந்தக் காலத்தின் அடையாளமே அதுதான். ஈரம் பட்டால் அந்தச் சிவப்பு ஊறிவிடும், ஜாக்கிரதை.

இணையத்தில் எங்கே பார்க்கலாம்?

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஷார்ஃப் சேகரிப்பு, செயின்ட் லூயிஸ் கலை அருங்காட்சியகத்தில் லோவன்ஹாப்ட் சேகரிப்பு, பிரிட்டிஷ் நூலகம், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், ஜப்பானின் தேசிய டயட் (நாடாளுமன்ற) நூலகம். பிரிட்டிஷ் நூலகத்தில் சீனத் தரப்புப் படங்களும் உண்டு. ஒரே சண்டையை இரண்டு பக்கமும் எப்படி ஜெயித்தன என்று பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்க்கலாம்.